தனித்தனியாக இருக்கும் கழிப்பறையையும் குளியலறையையும் ஒன்றாக்கிச் சக்கர நாற்காலி நுழையச் செய்வது எப்படி

தமிழ்நாட்டில் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய பல வீடுகளில், பின்பக்கத் தாழ்வாரத்தை ஒட்டிக் கழிப்பறை ஒன்று, குளியலறை ஒன்று என்று இரண்டு சின்ன அறைகள் இருக்கும். கழிப்பறை 3 அடிக்கு 4½ அடி, குளியலறை 4½ அடிக்கு 4½ அடி, நடுவில் நாலரை அங்குலச் சுவர். வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தாலோ இடுப்பெலும்பு முறிந்தாலோ, உடனே எல்லாரும் செய்வது இந்தியன் க்ளோசெட்டைப் பெயர்த்துவிட்டு அதே 3 அடி அறையில் வெஸ்டர்ன் வைப்பது. பாதிப் பணம் அங்கேயே வீண். அந்தக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. நடந்து போகிறவரைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் நிற்கவும் இடமிருக்காது.

நடுச்சுவரை எடுத்துவிட்டால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டிருந்த அரை அடியும் கிடைக்கும். 8 அடிக்கு 4½ அடியில் ஒரே அறை. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிகள் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டமும் 3 அடி கதவும் கேட்கின்றன. 4½ அடி அகலத்தில் அந்த வட்டம் விழாது. ஆனால் கதவையும் க்ளோசெட்டையும் சரியான இடத்தில் வைத்தால் உள்ளே திரும்பவே தேவையில்லை. இந்த வேலையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

முதலில் மொட்டைமாடியில் சாக்பீஸ்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் நாலு அளவு எடுங்கள். நாற்காலியின் அகலம்: சக்கரத்துக்கு வெளியே கை பிடித்துத் தள்ளும் வளையம் வரை சேர்த்து அளக்க வேண்டும், பெரும்பாலும் 24 முதல் 26 அங்குலம் வரும். நீளம்: கால்மிதியோடு சேர்த்து 42 அங்குலம் சொச்சம். உட்காரும் உயரம்: மெத்தை போட்டபின் எவ்வளவு என்று பாருங்கள். நாலாவது, நாற்காலியில் உட்காருகிறவருடைய முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை உள்ள உயரம். க்ளோசெட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

மொட்டைமாடியிலோ வாசலிலோ 8 அடிக்கு 4½ அடி கோடு போட்டு, சுவர் வரும் இடத்தில் செங்கல் வையுங்கள். க்ளோசெட்டுக்குப் பதில் ஒரு ஸ்டூல். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரோ, அவரைக் கவனித்துக்கொள்பவரோ ஒருமுறை போய்வந்து காட்டட்டும். ஏதாவது இடித்தால் செங்கல்லை நகர்த்தினால் போதும், செலவு இல்லை.

எங்கே எது வரும்

தாழ்வாரத்தில் நின்று அறையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். க்ளோசெட் இடது கோடியில், பின்சுவரை முதுகாகக் கொண்டு உங்களைப் பார்த்தபடி இருக்கும். அதன் நடு, இடதுசுவரிலிருந்து 18 அங்குலம். க்ளோசெட்டின் வலது விளிம்பு 25 அங்குலத்தில் முடிந்துவிடும். அதை ஒட்டி நாற்காலி நிற்கும் இடம். கதவு அந்த இடத்துக்கு நேர் எதிரே வர வேண்டும். நாற்காலியைத் தாழ்வாரத்திலேயே திருப்பி, பின்பக்கமாகத் தள்ளி உள்ளே கொண்டுபோனால், க்ளோசெட்டும் நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசை பார்த்து நிற்கும். நாற்காலியின் கைப்பிடியை மடக்கிவிட்டு அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். எழுந்து நின்று சுற்றித் திரும்பும் ஆபத்தான வேலை இல்லை.

வலது கோடியில் மீதி இருக்கும் 3 அடியும் குளிக்க. வாஷ்பேசினை உள்ளே வைக்க ஆசைப்படாதீர்கள். தாழ்வாரத்தில் வைத்தால் உள்ளே ஒன்றரை அடி மிச்சம்.

இந்த அமைப்பில் அவர் தன் வலப்பக்கமாக நகர்ந்து க்ளோசெட்டுக்குப் போவார், சுவரும் வலக்கைப் பக்கம். வலக்கை வலுவாக உள்ளவருக்கு இது பொருந்தும். வலப்பக்கம் விழுந்துபோனவர் என்றால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி, க்ளோசெட்டை வலது கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். மலக்குழாய் இடம் கொடுத்தால் தயங்காமல் செய்யுங்கள்.

சொந்தமாக நகரவே முடியாதவருக்குக் கணக்கு வேறு. நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை அப்படியே க்ளோசெட்டின் மேல் பின்னால் தள்ளி நிறுத்துவார்கள். க்ளோசெட் 27 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே போனபின் நாற்காலியை அதன் முன்னால் கொண்டுவர 4½ அடி ஆழம் போதாது. அதனால் கதவு க்ளோசெட்டுக்கே நேர் எதிரே வர வேண்டும், க்ளோசெட்டின் நடுவையும் இடதுசுவரிலிருந்து 22 அங்குலத்துக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டுவதையும் அங்கேயே கை ஷவரால் முடித்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சுவர் உடைத்தபின் மனசு மாறினால் கதவை மறுபடி இடிக்க வேண்டிவரும்.

சுவரில் கை வைப்பதற்கு முன்

நடுச்சுவர் நாலரை அங்குலம்தானே, பாரம் தாங்காது என்று கொத்தனார் சொல்வார். பல வீடுகளில் அது உண்மை. ஆனால் மேலே போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் இந்த அறைகளின் தலைக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கும். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். உள்ளே பரண் இருந்தால் அதன் பலகையும் அந்தச் சுவரில்தான் செருகியிருக்கும். தொட்டி இருந்தாலோ, அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடியில் இன்னொரு சுவர் இருந்தாலோ, ஒரு இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லும் எடுக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் சங்கத்தின் சம்மதமும் வேண்டும், கீழ்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கதவு. ‘மூணடிக் கதவு போட்டுடலாம்’ என்றால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். மூணடி என்பது நிலையின் வெளி அளவு. 36 அங்குலத்தில் நிலைச்சட்டம் பக்கத்துக்கு 2½ அங்குலம் போனால் 31. கதவைத் திறந்து வைத்தால் அதன் கனம் 1¼ அங்குலம் வழியை மறிக்கும். மிச்சம் 30 அங்குலம்கூட இல்லை. 26 அங்குல நாற்காலி நுழையும், தள்ளுகிறவரின் விரல் முட்டி தேயும். நிலையின் வெளி அளவை 39 அங்குலமாக, அதாவது 3 அடி 3 அங்குலமாகச் சொல்லுங்கள். அப்போதுதான் சுத்தமாக 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். நம் அமைப்பில் இந்த நிலை இடதுசுவரிலிருந்து 2 அடியில் தொடங்கி 5 அடி 3 அங்குலத்தில் முடியும். நடுச்சுவர் முன்சுவரில் வந்து சேர்ந்த இடம் இதற்குள் அடங்கிவிடும். பழைய கதவுகள் இரண்டும் போய், மிஞ்சும் இடைவெளிகளைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியிருக்கும்.

புது வாசலுக்குப் புது லிண்டல், அதாவது மேலுள்ள சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரம். இருபக்கமும் 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும் என்பதால் நீளம் 4 அடி 3 அங்குலம். ஒன்பதங்குலச் சுவருக்கு 6 அங்குல உயரத்தில், கீழே 10 மி.மீ. கம்பி மூன்று, மேலே 8 மி.மீ. இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம் என்பது வழக்கம். மேலே தொட்டியோ மாடியோ இருந்தால் இன்ஜினியர் சொல்கிற கணக்கு. இதைத் தரையிலேயே வார்த்து, இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தபின்தான் சுவரை உடைக்க வேண்டும். எடை 110 கிலோ சொச்சம் வரும், தூக்க நாலு பேர் வேண்டும். லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் ஓடுகிறதென்றால் அதுவே போதுமா என்பதையும் இன்ஜினியரிடமே கேளுங்கள். எதுவானாலும் மேலே ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிங் மெஷினால் கோடு அறுத்தபின் உடைக்கச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்தால் பக்கத்துச் சுவரில் பூச்சு பொத்துக்கொள்ளும்.

கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்வாரத்தில் இடமில்லையென்றால் சுவரோடு ஓடும் ஸ்லைடிங் கதவு. அதன் தண்டவாளம் மேலே இருக்கட்டும், தரையில் பள்ளம் வேண்டாம். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

தரை: வாட்டமும் வாசற்படியும்

பழைய குளியலறை தாழ்வாரத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் பள்ளமாகவும், வாசலில் தண்ணீர் மறிக்க ஒரு கடப்பைக்கல் படியோடும் இருக்கும். இந்தப் படிதான் நாற்காலிக்கு முதல் எதிரி. கல்லைப் பெயர்த்துவிட்டு உள்தரையை உயர்த்துங்கள். கதவடியில் உள்தரை தாழ்வாரத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். அந்த அரை அங்குலத்தையும் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும்.

தரைத்தளத்தில் இது சுலபம். மாடியில் யோசிக்க வேண்டும்: 36 சதுர அடியில் 3 அங்குலம் கான்கிரீட் போட்டால் 600 கிலோ ஏறும். அங்கே பழைய நிரப்பலை முழுதாக எடுத்துவிட்டு எடை குறைந்ததைக் கொண்டு நிரப்புவதே முறை.

படி இல்லையென்றால் தண்ணீர் வெளியே வராதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வாட்டம் சரியாக இருந்தால் வராது. கதவடி மேடு, வலதுகோடிச் சுவரடி பள்ளம், ஒரே திசையில் சரிவு. 7 அடிக்கு 1 அங்குலம், அதிகம் போனால் 1¼. அதற்கு மேல் கொடுத்தால் பிரேக் போடாத நாற்காலி தானாக நகரும், நிற்பவருக்கும் காலில் சமநிலை போகும். வலதுகோடிச் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் நீளச் சல்லடை வடிகால் வைப்பது நல்லது. மூலையில் ஒற்றை நஹானி டிராப் (தரையில் பதிக்கும் சின்ன வடிகால்) வைத்தால் தரை இரண்டு திசையில் மடிந்து, சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். வடிகாலுக்கு அடியில் 2 அங்குலம் தண்ணீர் நிற்கும் டிராப் கட்டாயம். அது இல்லாமல் நேராகக் குழாயில் விட்டால் மறுவாரமே நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

வாட்டத்தைக் கண்ணால் நம்பாதீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்து, கதவடி, நடு, வடிகால் மூன்றிலும் சுவரில் பென்சில் கோடு போட்டு அளக்கச் சொல்லுங்கள். முடிந்தபின் கதவடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள்.

தண்ணீர்த் தடுப்புக்குக் கலவையில் ஒரு பாட்டில் திரவத்தை ஊற்றிவிட்டு முடிந்தது என்பார்கள். அது போதாது. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாகப் பூசி, அதன்மேல் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். முதல் கோட்டு செங்குத்தாக என்றால் இரண்டாவது கிடைமட்டமாக, மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் நடுவில் ஃபைபர் வலை. சுவரில் 1 அடி உயரம், குளிக்கும் பக்கம் 6 அடி. காய்ந்ததும் வடிகாலை அடைத்து, வாசலில் கலவையால் தற்காலிக வரப்பு கட்டி, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டியபின் கண்டுபிடிக்கிற கசிவு, எல்லாவற்றையும் பெயர்க்க வைக்கும்.

தரை டைல்ஸ் சொரசொரப்பான மேட் ரகம், 1 அடிக்கு 1 அடி. கடையில் மாதிரியைக் கேட்டு வாங்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி ஈரக் காலால் மிதித்துப் பாருங்கள். காய்ந்த கையால் தடவிப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம். தரை அடர்நிறமாகவும் சுவர் வெளிர்நிறமாகவும் இருக்கட்டும். வெள்ளைத் தரையில் வெள்ளை க்ளோசெட், பார்வை மங்கியவருக்கு விளிம்பு தெரியாது. தரைக்கு வீணாவது சேர்த்து 40 சதுர அடி. சுவருக்கு 7 அடி உயரம் வரை, கதவு போக சுமார் 150, அதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள்.

க்ளோசெட்

பழைய இந்தியன் க்ளோசெட்டையும் அது உட்கார்ந்திருந்த மேடையையும் முழுதாகப் பெயர்க்க வேண்டும். பின்சுவருக்கு வெளியே சேம்பர் (கழிவுக்குழாய் வந்து சேரும் தொட்டி) இருந்தால், சுவர்வழியே போகும் பி-டிராப் க்ளோசெட்தான் சுலபம். அதன் வாய் நடு, முடிந்த தரையிலிருந்து சுமார் 7 அங்குலம். முடிந்த தரை என்பதை பிளம்பரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். டைல்ஸுக்கு முன் கரடுமுரடான தரையிலிருந்து அளந்து குழாயை விட்டுவிட்டால், பின்னால் இரண்டு அங்குலம் தரை ஏறியதும் வாயும் வாயும் சேராது. அப்புறம் கோணலாக இணைத்து வெள்ளைச் சிமெண்ட் பூசுவார்கள், அது கசியும். நாலு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு, திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை வளைவுக்குப் பதில் 45 பாகை இரண்டு.

உயரம்: கடையில் கிடைக்கும் சாதாரண க்ளோசெட் 15–16 அங்குலம். சக்கர நாற்காலியின் உட்காரும் உயரம் 18–20. இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால்தான் நகர்வது எளிது. ஆனால் ஐந்தடிக்குக் குறைவான பாட்டிக்கு 19 அங்குலத்தில் உட்கார வைத்தால் கால் தொங்கும், கால் ஊன்றாமல் மலம் கழிப்பதும் சிரமம். முழங்கால் மடிப்பு உயரத்தை அளக்கச் சொன்னது இதற்குத்தான். அதைவிட ஓரிரு அங்குலம் மட்டும் கூட்டுங்கள். மேலே ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் உயர்த்தி பக்கவாட்டில் நழுவும். நிரந்தரத் தேவைக்கு அடியில் க்ளோசெட்டின் அடி வடிவிலேயே 2 அங்குல கான்கிரீட் மேடை போடுவது உறுதி. மேடை போட்டால் குழாய் வாயும் அதே 2 அங்குலம் ஏற வேண்டும். கமோடு நாற்காலி மேலே வந்து நிற்கிற வீட்டில் மட்டும் உயர்த்தவே கூடாது. அதன் அடிச்சட்டம் க்ளோசெட்டில் இடிக்கும். நாற்காலியை முதலில் வாங்கி, அடியில் அளந்தபின் க்ளோசெட் வாங்குங்கள்.

கழுவுவதைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர், அதே கையால் ஹெல்த் ஃபாசெட்டையும் பிடித்து, கம்பியையும் பிடித்து, கழுவவும் முடியாது. க்ளோசெட்டுக்குள்ளேயே பீய்ச்சும் ஜெட் வைத்து, அதன் திருகை நல்ல கைப்பக்கச் சுவரில், உட்கார்ந்தபடி முன்னால் எட்டும் இடத்தில் பொருத்துங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் உடம்பைத் திருப்பி எட்டப் போய்ச் சாய்வார்.

கைப்பிடிக் கம்பி

துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 32 முதல் 38 மி.மீ. பருமன், சுவருக்கும் கம்பிக்கும் 1½ அங்குல இடைவெளி. இடைவெளி அதிகமானால் கை நழுவி முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பக்கச்சுவரில் கிடைமட்டமாக ஒன்று: உட்காரும் இடத்துக்கு மேல் 10 முதல் 12 அங்குலம், பின்சுவரிலிருந்து 1 அடி தள்ளித் தொடங்கி 3 அடி நீளம். அது முடியும் இடத்துக்குப் பக்கத்தில், எழும்போது இழுத்துப் பிடிக்க நெட்டுக்குத்தாக ஒன்று. நாற்காலி வரும் பக்கம் பின்சுவரில் மடக்குகிற கம்பி. அவரையே உட்கார வைத்து, முழங்கை லேசாக மடங்கும் இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. டைல்ஸ், பசை, பூச்சு மூன்றும் சேர்ந்து சுவரின் முதல் ஒன்றரை அங்குலம். கம்பியோடு டப்பாவில் வரும் ஸ்க்ரூவின் நீளமும் அதே ஒன்றரை அங்குலம். அது செங்கல்லைத் தொடுவதே இல்லை. ஒன்பதங்குலச் சுவரில் 10 மி.மீ. கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு இறுக்கும் போல்ட்), செங்கல்லுக்குள் மட்டும் 4 அங்குலம். நாலரை அங்குலச் சுவரானால் மறுபக்கம் வரை துளைத்து, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு போட வேண்டும். எப்படியும் பூச்சை உடைத்திருக்கிற நிலையில், கம்பி வரும் இடங்களில் செங்கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் நிரப்பிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பொருத்தி மறுநாள், வீட்டில் கனமானவர் ஒருவர் முழு எடையோடு ஒரு நிமிஷம் தொங்கிப் பார்க்கட்டும்.

குளிக்கும் பக்கம்

நடக்க முடிந்தவருக்கு வலதுகோடிச் சுவரை ஒட்டி ஒரு திண்டு, 18 அங்குல உயரம், 1½ அடி ஆழம், 2 அடி அகலம். மேலே முனை மழுக்கிய கிரானைட், பளபளப்பில்லாத பக்கம் மேலே. நீளச் சல்லடையின் மேல் திண்டு உட்காரக் கூடாது. இரண்டு கடப்பைக்கல் கால்களில் நிறுத்தினால் தண்ணீர் அடியில் ஓடும்.

வாளியும் மக்கும் இல்லாமல் குளித்த திருப்தி வராது என்பவர்களை ஷவருக்கு மாற்றப் பார்க்க வேண்டாம். தரையில் இருக்கும் வாளியில் மக்கை விட்டு மொள்ளக் குனிவதுதான் விழ வைக்கும். வாளிக்கு ஒரு அடி உயரத்தில் ஒரு மேடை, அதற்கேற்ப குழாயை 2 அடி 9 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டால் உட்கார்ந்தபடியே மொள்ளலாம். கூடவே 1½ மீட்டர் ஹோஸ் உள்ள கை ஷவர் ஒன்று உதவிக்கு வருகிறவருக்காக.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது. கீசர் வெப்பத்தை 45–50 டிகிரியில் நிறுத்துங்கள், வாளியில் முதலில் குளிர்ந்த தண்ணீர் விழட்டும். கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு, அவசியம். விளக்கு சுவிட்சு வெளியே, 3½ அடி உயரத்தில். தரையில் விழுந்தாலும் கைக்கு எட்டும்படி ஒரு அடி உயரத்தில் வயர்லெஸ் அழைப்பு மணி ஒன்று ஒட்டிவிடுங்கள், குளிக்கும் தண்ணீர் படாத பக்கமாக.

வேலை நடக்கிற நாட்கள்

லிண்டல் வார்த்து இரண்டு வாரம் கழித்து உடைப்பு. பிறகு நிலை, குழாய், தரை நிரப்பல், பூச்சு, தண்ணீர் தேக்கிப் பார்த்தல், டைல்ஸ், கடைசியில் பொருத்துவது என்று வரிசையாகப் போனால், இடையில் காய விடும் நாட்களைச் சேர்த்து மூன்று வாரம் ஆகும். வீட்டில் வேறு கழிப்பறை இல்லையென்றால் அதுவரைக்குக் கமோடு நாற்காலியும் மூடியுள்ள பாத்திரமும் ஏற்பாடு செய்தபின் சுத்தியலை எடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைப்பிடிக் கம்பியின் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். போர்த் தண்ணீர் உள்ள ஊரில் உப்பும் சோப்பும் சேர்ந்து தரையில் வெள்ளையாகப் படியும். சொரசொரப்பான டைல்ஸ்கூட அப்போது வழுக்கும். ஆசிட் ஊற்றினால் இடைவெளிச் சாந்தும் சல்லடையும் அரித்துப்போகும். வாரம் ஒருமுறை சோப்புத்தூளைத் தூவி, தென்னம் துடைப்பத்தால் அல்லாமல் கெட்டி நைலான் பிரஷால் தேய்த்துவிட்டு, ஈரம் போகத் துடைத்தபின் அவரை உள்ளே கூட்டிப்போங்கள்.